பதிமூன்று சுற்று

பாப்பா, தம்பி, இதை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் பேரனுக்குக் காது குத்திய அன்று பந்தியில் என் பக்கத்தில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார். அவரிடம் பாப்பா சொன்னது என் காதில் விழுந்தது. "எங்கப்பா கருப்பு கோயில்ல சூடம் அணைச்சு ஜெயிச்சவருங்க மாமா. பொய்யின்னா அவருக்கு வாயிலயே வராது." சம்பந்தி என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினார். ரசம் ஊற்ற வந்தவன் என்னிடம் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

அந்தச் சூடத்தை நான் பொய் சொல்லித்தான் அணைத்தேன். உங்கள் இரண்டு பேர் தலையையும் தொட்டுச் சொன்ன பொய் அது. நான் எட்டாவது வரை படித்தவன், கோர்வையாக எழுத வராது. ஆனாலும் வாயால் சொல்ல முயன்றால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பஞ்சாயத்தில் டேங்க் ஆபரேட்டராகச் சேர்ந்தது தம்பி பிறந்த வருஷம். அதற்கு முன்னால் எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தேன். வெட்டுக்கூலி ஆளை "ஏய்" என்று கூப்பிடுவார்கள், டேங்க் ஆபரேட்டரை "என்னப்பா" என்று கூப்பிடுவார்கள். அந்த வித்தியாசத்துக்காகவே அந்த வேலையை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

வேலை என்னவென்று உங்களுக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். விடிந்ததும் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்ப வேண்டும். தொட்டி ஊருக்கும் காலனிக்கும் நடுவில் நின்றது. அதன் காலடியில் சிமெண்டு மூடி போட்ட ஒரு குழி, குழிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வால்வு. ஒன்று காலனிக்கு, ஒன்று நம் தெருக்களுக்கு. காலனிக்காரர்கள் களைவெட்டுக்குச் சீக்கிரம் கிளம்புவார்கள் என்று காலை ஏழு மணிக்கு முதலில் அவர்களுக்கு அரை மணி, அப்புறம் ஊருக்கு அரை மணி. மேலே கைப்பிடி வைத்த நீளமான இரும்புக் கம்பியைக் குழிக்குள் விட்டு வால்வைத் திருகுவேன். இரண்டும் ஒரே நாளில் வாங்கிப் பொருத்திய வால்வுகள். முழுக்கத் திறக்க இரண்டுக்கும் பதிமூன்று சுற்று.

இரண்டாயிரத்து மூன்றில் மழை இல்லாமல் போனது இரண்டாவது வருஷம். கரும்பு நின்றபடியே காய்ந்தது. போர்வெல்லில் பாதித் தண்ணீரும் பாதிக் காற்றுமாக வந்தது. தொட்டி பாதிக்கு மேல் ஏறவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் வீடு ஊர்த் தெருவின் கடைசியில் இருந்தது. ஒரு நாள் என்னை வரச்சொன்னார்.

"நம்ம வூட்டுக் குழாய்ல மூக்கு ஒழுவற மாதிரி வருதுப்பா. வூட்டுல என்னைய வெச்சு வாங்கறா."

"தண்ணியே இல்லிங்களே. போர்ல காத்துதான் வருது."

"இருக்கறதப் பத்திதான் சொல்றேன். காலனிப் பக்கம் கொஞ்சம் அமுக்கி வுடு. தொட்டியில கொஞ்சம் மிச்சம் நின்னா நம்ம பக்கம் வேகமா வரும்."

"நேரத்தக் கொறைச்சா கேப்பாங்க."

"நேரத்த எதுக்குக் கொறைக்கற? ரோட்டுல குந்திக்குவாங்க. சுத்தக் கொறை. குழிக்குள்ள கெடக்கற சுத்த எவன் எண்ணப் போறான்?"

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "இந்த வேலைக்கு நாலு பேரு மனு குடுத்துட்டு அலையறானுவ. நான்தான் அவனுக்குப் புள்ளகுட்டி இருக்குன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றார்.

மறுநாள் காலனி வால்வை ஐந்து சுற்றோடு நிறுத்தினேன். கை நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை. முதல் நாள் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. நாலாம் நாள் என் கை தானாகவே ஐந்தில் நின்றது.

காலனியின் முதல் குழாய் தொட்டியிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே தினமும் முதல் குடம் வைக்கிறவள் ஒருத்தி. என் வயசுதான் இருக்கும். சின்ன வெங்காயம் நடவு, களை, அறுப்பு எல்லாவற்றுக்கும் போகிறவள். வெங்காயக் காட்டில் நின்று பார்த்தபடியே எத்தனை பாத்தி முடிந்தது, எத்தனை மிச்சம் என்று சொல்வாள், தப்பாது. வாயும் நீளம்.

"டேங்குக்காரரே, ஊருக்குப் போற தண்ணி ஓடிப் போவுது, எங்களுக்கு வர்றது மட்டும் நொண்டிக்கிட்டு வருதே, கால்ல முள்ளு குத்திருச்சா?" என்று கேட்டாள். குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவள் சிரிக்காமல் வந்தாள். "எங்க வால்வுக்கு அஞ்சு தடவ சுத்தறிங்க. அவங்க வால்வுக்குப் பதிமூணு. தெனமும் பாக்கறேன்."

நான் யோசிக்கவே இல்லை. "அது பழைய வால்வு, மரை தேஞ்சு போச்சு. அதுக்கு அஞ்சு சுத்துதான்," என்று சொன்னேன். அந்தப் பொய் எங்கிருந்து அவ்வளவு சீக்கிரம் வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. தயாராக உட்கார்ந்திருந்த மாதிரி வந்தது.

"கம்பியக் குடுங்க. நான் ஆறாவது சுத்து சுத்திக் காட்டறேன்."

கொடுக்கவில்லை. அவள் காலனி ஆட்களோடு தலைவரிடம் போனாள். தலைவர், "அது கவர்மெண்டு சாமான். கண்டவங்க கை வெச்சு ஒடைஞ்சு போனா ரெண்டு பக்கமும் தண்ணி கெடையாது, பரவால்லயா?" என்றார். பேச்சு வளர்ந்தது. கடைசியில் ஊருக்கும் காலனிக்கும் பொதுவான இடம் ஏரிக்கரைக் கருப்பு கோயில் ஒன்றுதான் என்று அங்கே கூடினார்கள்.

நீங்கள் ஒன்றை நன்றாக யோசித்துப் பாருங்கள். குழி கோயிலிலிருந்து நூறு தப்படி தூரம். கம்பி என் சைக்கிளில் இருந்தது. யாராவது ஒருவர் எழுந்து போய்க் கம்பியைப் போட்டு ஒரு சுற்றுக் கூடுதலாகத் திருகியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். இரு பக்கமும் நூறு பேர் இருந்தார்கள். ஒருவர்கூட எழவில்லை. இரும்பைத் திருகிப் பார்க்க வேண்டிய வழக்கைச் சாமியிடம் கொண்டுபோய் வைத்தோம். எங்களுக்கு அதுதான் வழக்கம்.

சத்தியம் கேட்டது அவள்தான். "புள்ளைங்க தலையத் தொட்டுச் சூடம் அணைக்கட்டும். அணைச்சுட்டாருன்னா நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கறேன்." அவள் என்னை நம்பித்தான் அப்படிச் சொன்னாள். பெற்ற தகப்பன் எவனும் பொய்க்காகப் பிள்ளை தலையைத் தொட மாட்டான் என்று நினைத்தாள். அங்கே இருந்தவர்களில் என்னைப் பற்றி அவ்வளவு உயர்வாக நினைத்தவள் அவள் ஒருத்திதான்.

உங்கள் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. "உண்மைதான, பயமென்ன? இருங்க, புள்ளைங்கள அழைச்சாரேன்," என்று வீட்டுக்கு ஓடினாள். உங்களுக்கு முகம் கழுவி, தலை வாரி, பவுடர் போட்டு அழைத்து வந்தாள். பாப்பா நாலாம் வகுப்பு, தம்பி ஒன்றாம் வகுப்பு. தம்பி, பூசாரி கொடுத்த வாழைப்பழத்தை உரிக்கத் தெரியாமல் நீ என்னிடம் நீட்டினாய். அதை உரித்துக் கொடுத்துவிட்டுத்தான் நான் உன் தலையைத் தொட்டேன்.

பூசாரி வெற்றிலையில் சூடத்தைக் கொளுத்தி வைத்தார். "காலனி வால்வு அஞ்சு சுத்துதான். அதுக்கு மேல தொறக்காது. இது பொய்யின்னா இந்தப் புள்ளைங்க..." என்று சொல்லி உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தேன். 'புள்ளைங்க' என்பதற்கு அப்புறம் என்ன சொன்னேன் என்பதை எழுத மாட்டேன். நீங்கள் அங்கே நின்று கேட்டீர்கள்.

நம் பக்கத்துக் கணக்குப்படி ஒரு மண்டலம் பார்ப்பார்கள். நாற்பத்தெட்டு நாளைக்குள் சத்தியம் செய்தவன் வீட்டில் கெட்டது எதுவும் நடக்கவில்லை என்றால் அவன் சொன்னது உண்மை.

அந்த நாற்பத்தெட்டு நாளும் நான் உங்களிடம் எப்படி நடந்துகொண்டேன் என்று ஞாபகம் இருக்கிறதா? கிணற்றுப் பக்கம் போகக் கூடாது, சைக்கிளில் பின்னால் உட்காரக் கூடாது, வேப்ப மரத்தில் ஏறக் கூடாது. பள்ளிக்கூட வாசல் வரை வந்து நிற்பேன். பாப்பா, உங்கள் வகுப்பில் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு பஸ்ஸில் அழைத்துப் போனார்கள். நீ பேர் கொடுத்துவிட்டு வந்திருந்தாய். நான் போகக் கூடாது என்றேன். இரண்டு நாள் அழுதாய். "அப்பாவுக்கு நம்ம மேல எவ்ளோ பாசம் பாரு," என்று உங்கள் அம்மா உன்னைத் தேற்றினாள். பாசம் இல்லை அது. உங்களைப் பணயம் வைத்தவன் பணயப் பொருளைக் காவல் காத்துக்கொண்டிருந்தான்.

முப்பத்தோராம் நாள் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் காலையில் கண் சொருகியது. தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். அங்கே அவள் களைக்கொத்தோடு நின்றிருந்தாள். என் தோளில் கிடந்த உன் முகத்தைப் பார்த்து இரண்டடி பின்னால் போனாள்.

"தம்பிக்கு என்னங்க?"

"காய்ச்சல்."

கூட நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் நாள் கணக்குத் தெரியும்.

பெரம்பலூர் பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். உன் கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்து, "சாமி, இவன வுட்டுடு, ஊருக்குப் போன ஒடனே எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன்," என்று வேண்டினேன். ஒரு தடவை அல்ல, எத்தனை தடவை என்று தெரியாது. மூன்றாம் நாள் நீ எழுந்து உட்கார்ந்து பன் கேட்டாய்.

திரும்பி வரும்போது பஸ் பெரம்பலூர் எல்லையைத் தாண்டும் வரை, இறங்கியதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். வாலிகண்டபுரம் வந்தபோது, நாளைக்குச் சொன்னால் போதும் என்று தோன்றியது. நம் ஊர் நிறுத்தத்தில் இறங்கும்போது, காய்ச்சல்தானே, இந்த வருஷம் ஊரெல்லாம் இருக்கிறது என்று நினைத்தேன். கடவுளிடம் நான் கொடுத்த வாக்கு அவ்வளவு தூரம்தான் தாங்கியது. பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

நாற்பத்தெட்டாம் நாள் முடிந்தது. பிள்ளை பிழைத்து எழுந்துவிட்டதால் அந்தக் காய்ச்சலை யாரும் கெட்டதாகக் கணக்கில் எடுக்கவில்லை. அவள் பொங்கல் வைத்துப் படையல் போட வேண்டும், தான் சொன்னது தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று முடிவானது. வந்தாள். பொங்கிய பானையை இறக்கி வைத்து, "நான் சொன்னது தப்பு. சாமி காட்டிக் குடுத்துருச்சு," என்று சொன்னாள். தலைவர் என் தோளில் புதுத் துண்டு ஒன்றைப் போட்டார். பூசாரி எனக்கு முதல் திருநீறு கொடுத்தார். உங்கள் அம்மா அழுதாள், சந்தோஷத்தில்.

எல்லோரும் கலைந்துபோகும்போது அவள் பானையைத் தூக்கிக்கொண்டு என் பக்கமாக வந்தாள். யாருக்கும் கேட்காத குரலில் பேசினாள்.

"தம்பி நல்லா இருக்கானா?"

"இருக்கான்."

"அன்னிக்கு பஸ் ஸ்டாப்புல பாத்தேன்ல, வேலைக்குப் போவல. நேரா இங்கதான் வந்தேன். புள்ளைய ஒண்ணும் பண்ணிராத சாமி, நான் பொய்க்காரின்னு ஆனாலும் ஆயிட்டுப் போறேன்னு விழுந்து கும்பிட்டேன்." பானையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். "அஞ்சா பதிமூணான்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதுக்குப் புள்ள என்னா பண்ணும்?"

அவள் போய்விட்டாள். நான் புதுத் துண்டோடு நின்றேன்.

தம்பி, என் வேண்டுதலால் நீ எழுந்தாய் என்று நான் நினைக்கவில்லை. அது வாக்குத் தவறுகிறவனின் வேண்டுதல். யாருடையது போய்ச் சேர்ந்தது என்று நீயே தெரிந்துகொள். அவள் ஜெயிக்க வேண்டிய வழக்கு அது. உனக்காக அவளே அதில் தோற்றுப்போகக் கேட்டுக்கொண்டாள்.

இதைக் கேட்ட பிறகாவது நான் மனுஷனாக நடந்திருக்க வேண்டும். மறுநாள் எட்டுச் சுற்றுத் திறந்தேன். பதிமூன்று அல்ல, எட்டு. அதற்கே மூன்றாம் நாள் தலைவர், "என்னப்பா, மறுபடி மூக்கு ஒழுவுது," என்றார். ஐந்துக்குத் திரும்பினேன்.

அவளுக்குப் 'பொய்க்காரி' என்று பேர் நின்றுவிட்டது. வெங்காயக் காட்டில் அவள் பாத்தி எண்ணிச் சொன்னால், "நீ எண்ணுனியா? அப்ப இன்னொருக்க எண்ணிப் பாக்கணும்டி," என்று சிரித்தார்கள். எண்ணுவதில் ஒரு நாளும் தப்பாதவள். அடுத்த தை மாதம் புருஷனோடும் பிள்ளைகளோடும் திருப்பூருக்குப் போய்விட்டாள். பனியன் கம்பெனியில் இருப்பதாகச் சொன்னார்கள். எந்தத் தெரு என்று நான் விசாரிக்கவில்லை. தெரிந்தால் போக வேண்டியிருக்கும்.

அவள் போன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அந்தத் தைரியத்துக்கு என்ன பேர் வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். பூசாரி மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரிடமும் சொன்னேன். "நான் அன்னிக்கு அணைச்சது பொய்ச் சத்தியங்க. அந்த வால்வும் பதிமூணு சுத்துதான்."

தலைவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவருக்குத் தெரியாததா? பூசாரிதான் மணியைக் கீழே வைத்தார்.

"உனக்கு ஏதாவது ஆச்சா?"

"இல்ல."

"புள்ளைங்களுக்கு?"

"இல்ல. தம்பிக்குக் காய்ச்சல் வந்து நல்லாயிருச்சு."

"அப்ப நீ சொன்னது உண்மைதான். சாமி தீர்ப்பு சொல்லிருச்சு. படையலும் போட்டாச்சு. இப்ப வந்து பொய்யின்னு சொன்னா, சாமிக்கு ஒண்ணும் தெரியலன்னு ஆவும். ஊரு சாமிய நீ பொய்யாக்கறியா?"

தலைவர் சிரித்தார். "வெயில்ல நிக்காதப்பா. போய் மோட்டாரப் பாரு."

அப்படித்தான் ஆனது. கோயிலில் என் பொய் உண்மையாகப் பதிந்துவிட்டது. அதை அழிக்க வந்தால் சாமி குத்தம் என்கிறார்கள். அதற்கப்புறம் அந்தக் கோயிலில் திருநீறு பூசும்போதெல்லாம் பூசாரி என் நெற்றியைப் பார்க்க மாட்டார். நானும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். ஊரில் மட்டும் என் பேர் வளர்ந்தது. பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு என்றால், "சத்தியவான கூப்புடு," என்பார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். அந்தப் பேரைத்தான் பாப்பா சம்பந்தியிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

கடவுள் தண்டிப்பார் என்று பயந்து நான் உங்களைக் காவல் காத்தேன். அவர் தண்டிக்கவில்லை. அது மன்னிப்பு என்று ரொம்ப நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார் என்றுதான் தோன்றுகிறது. விளக்கேற்றிக் கையைக் கூப்பினால், 'சாமி' என்பதற்கு மேல் எனக்கு ஒரு சொல்லும் வருவதில்லை. மனசில் கறை இல்லாமல் கும்பிடுகிறவர்களுக்கு என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கும்பிடும்போது அது உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்த அசிங்கத்தை உங்கள் முன்னால் கொட்டுகிறேன். உங்கள் அம்மாவுக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள். அவள் பவுடர் போட்டுவிட்ட இடம் வரும்போது கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

இரண்டாயிரத்து ஏழில் கொள்ளிடத்துத் தண்ணீர் திருமானூர்ப் பக்கமிருந்து குழாயில் நம் ஊருக்கு வந்தது. ஊருக்கு ஒரு தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டி என்று தனித்தனியாகக் கட்டினார்கள். பழைய தொட்டியை விட்டுவிட்டார்கள். மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் கம்பியை யாரும் கேட்கவில்லை. நம் வீட்டுப் பரணில் கிடக்கிறதே, எதற்கு என்று தம்பி ஒரு தடவை கேட்டாயே, அதுதான்.

அந்த வருஷம் ஒரு நாள் மத்தியானம், தெருவில் ஆள் இல்லாத நேரத்தில், அந்தக் கம்பியை எடுத்துக்கொண்டு போனேன். குழியின் சிமெண்டு மூடியைத் தள்ளினேன். உள்ளே காய்ந்த இலையும் ஒரு தவளையும் இருந்தன. காலனி வால்வில் கம்பியைப் பொருத்தித் திருகினேன். துருப் பிடித்து இறுகிக் கிடந்தது. ஐந்தாவது சுற்றில் என் கை தானாக நின்றது. அப்புறம் ஆறு. ஏழு. வாய்விட்டு எண்ணினேன். பதிமூன்றாவது சுற்றில் வால்வு முட்டி நின்றது.

குழாயில் ஒரு சத்தமும் இல்லை. கம்பியை உருவிக்கொண்டு, வால்வைத் திறந்தபடியே விட்டு, மூடியை இழுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.